பதினேழாவது தாளத்தில் ஒரு கதவு

என் பெயரை எந்த உறையிலும் தேடாதீர்கள்.
"இசை: கம்பிக்கதவுக் குழு" என்று மட்டும் இருக்கும்.
அதில் அக்கார்டியன் நான்.

ஐம்பத்தாறு, ஓக்லஹோமா,
செப்டம்பரிலும் வேகிற வெயில்.
டிராக்டர் உதிரிபாகம் விற்ற கொட்டகையில்
கோதுமைச் சாக்குகளைச் சுவரோரம் அடுக்கி
எதிரொலியை அடக்கினார் வில்மர் க்ரோக்கர்.
நடனம் பாவம் என்கிற சபையில் வளர்ந்தவர்;
கடைசிவரை ஒரு சுற்று ஆடியதில்லை.
"நான் விற்கிறேன், அவ்வளவுதான்" என்பார்,
குடிக்காத சாராயக்காரர் போல.

ஒரே மைக். ஆறு பேர்.
ஃபிடில் வாசிக்கும் ஓட்டிஸ் ப்ரூயிட் இரண்டடி தள்ளி,
பாஞ்சோ பின்னால், நான் முக்காலியில்.
மூன்று முறை சொதப்பினோம். நான்காம் முறை
எல்லாம் கூடி வந்த நேரத்தில்
வில்மரின் மகன் டுவேன், ஆறு வயது,
தண்ணீர் குடிக்க ஓடிவந்தான்.
கம்பிவலைக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால்
அறைந்து சாத்திக்கொண்டது.
பதினேழாவது தாளத்தில். மிகச் சரியாக.

டேப் தீர்ந்துவிட்டது, காசும்.
"போகட்டும், அதையே அச்சடி."
நிறுவனத்துக்குப் பெயர் அப்போதுதான் கிடைத்தது.
எனக்குப் பதினோரு டாலர் கிடைத்தது.

சதுர நடன இசைத்தட்டுக்கு இரண்டு முகம்.
ஒன்றில் ஹாய்ட் லாம்பர்சன் கூவுவார்:
ஜோடியை விடு, மூலைக்காரியைச் சுழற்று,
இடக்கை கொடு, வீடு வந்து சேர்.
மறுபக்கம் ஆள் குரல் கிடையாது, நாங்கள் மட்டும்.
ஊர் ஊராய் இருக்கிற அழைப்புக்காரர்கள்
அந்தக் காலி இடத்தில் தங்கள் வாயை வைத்துக்கொள்வார்கள்.
தேய்ந்ததைத் திருப்பி அனுப்பினால் புதியது பாதி விலை;
வருகிற பொட்டலங்களை நான்தான் பிரிப்பேன்.
ஹாய்ட்டின் பக்கம் கறுப்புக் கண்ணாடி, முகம் பார்க்கலாம்.
எங்கள் பக்கம் சாம்பல் பூத்திருக்கும்.
அவரிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன்.
ஒரு சம்பளத் தகராறில் சொல்லிவிட்டேன்.

அறுபத்து மூன்றில் கான்சாஸிலிருந்து ஒரு கடிதம்.
நாற்பது தட்டுக்குப் பணம், கூடவே ஒரு சந்தேகம்:
"பதினேழாவது தாளத்தில் எங்கள் ஆட்கள்
தரையை ஓங்கி உதைக்கிறார்கள். இது விதியா?
மற்ற மாநிலங்களிலும் இப்படித்தானா?"
வில்மர் ஒரு தபால் அட்டையில்
"ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
அதற்கப்புறம் விதிதான்.

எழுபத்தொன்பதில் எல்லாவற்றையும் விற்றார்:
இருநூற்றுப் பதினான்கு பாட்டு, அச்சுத் தகடுகள்,
முகவரிகள் அடைத்த இரண்டு செருப்புப் பெட்டி.
வாங்கியவர் விச்சிட்டாவில் ஒரு பல் மருத்துவரின் மனைவி,
ஆர்வெல்லா ஸ்ட்ரவுட். துணி துவைக்கும் அறையில்
கம்பெனி நடந்தது; உறைகளில் சோப்பு மணத்தது.
கணக்கில் கெட்டி. முதன்முதலாய் எனக்கு
ராயல்டி என்று ஒரு காசோலை: நான்கு டாலர் பத்து செண்ட்.
ரோஷத்தில் மாற்றாமல் வைத்திருந்தேன்.
மின்சாரக் கட்டணம் வந்ததும் மாற்றினேன்.

அவருடைய பேரன்தான் கணினியில் சுத்தம் செய்தது.
ஊசிக் கீறல் போயிற்று. மின்சார முனகல் போயிற்று.
ஓட்டிஸின் ஒரு இருமல்
(அது இருந்ததே எனக்குத் தெரியாது).
கதவு.

இரண்டாயிரத்து நான்கு, நவம்பர்,
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம்.
எட்டு எட்டுப் பேராய்ச் சதுரங்கள் நின்றன.
ஒரு பெண் மடிக்கணினியைத் தட்டினாள்.
இடுப்பெலும்பு மாற்றிய நான் நாற்காலியில்,
விரல்கள் மடியில் தானாக நடந்தன.
பதினான்கு. பதினைந்து. பதினாறு.
பிறகு ஒரு குழி,
வழித்துத் துடைத்த பாத்திரம் போல.
நூற்றுச் சொச்சம் கால்கள் சேர்ந்து
அதற்குள் இறங்கின.
கூடைப்பந்து வளையம் அதிர்ந்தது.

மூன்றாவது சதுரத்தில் டுவேன், தலை நரைத்து,
மூலைக்காரிக்கு எந்தக் கை கொடுப்பதென்று விழித்து,
எல்லோருக்கும் ஒரு தாளம் பிந்தி
உதைத்தான்.